சொல் நீங்கிய பண்: கிறித்து பிறப்புப் பாடல்களின் கருவியிசை

1. ஆராயும் பொருள்

இசைப்பாட்டு என்பது சொல்லும் பண்ணும் கூடிய ஒன்று. தமிழ்த் துறையினர் அதனை ஆராயுங்கால் பெரும்பாலும் சொல்லையே ஆராய்கின்றனர். பண்ணை இசைத் துறையினர்க்கு விட்டுவிடுகின்றனர். இப்பாகுபாடு எளிதானதே. ஆயின், சொல்லை நீக்கிப் பண்ணை மட்டும் கருவியில் இசைக்கும்போது எஞ்சுவது யாது என்னும் வினா எழுமாயின், இரு துறையினரும் விடை கூறாது நிற்க நேரும். அவ்வினாவை ஒரு சிறிய எல்லைக்குள் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கிறித்து பிறப்பு விழாவில் வழிவழியாகப் பாடப்பெறும் பாடல்களைச் சொல்லின்றிக் குழல், வயலின், கிதார், பியானோ, கீபோர்டு முதலிய கருவிகளில் அமைத்து, விடுமுறை நாளில் ஓய்ந்திருந்து கேட்டற்கு உரியனவாக வெளியிடும் இசைத்தொகுப்புக்களே அவ்வெல்லை.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுதலாக அமைந்தது போச்சம்பள்ளியில் யான் கண்ட ஒரு நிகழ்ச்சி. கிருட்டிணகிரிக்குத் தென்கிழக்கில், மாந்தோப்பும் தென்னந்தோப்பும் சூழ்ந்த இவ்வூர், நெடுங்காலமாக வாரச் சந்தைக்குப் பெயர் பெற்றது. இன்று தொழிற்சாலைகளுக்கும் பெயர் பெற்றுள்ளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதியாதலின், பணி முடிந்து திரும்புவோர் கூடும் தேநீர்க் கடையில் மும்மொழியும் கேட்கும். வடநாட்டு மொழிகளும் இப்போது கேட்கின்றன. டிசம்பர்த் திங்களின் இறுதியில் ஒரு மாலை அத்தகைய கடை ஒன்றில், 'சைலண்ட் நைட்' என ஆங்கிலத்தில் வழங்கும் பாடலைக் குழலும் கிதாரும் சொல்லின்றி இசைத்தன. அங்கிருந்தோருள் ஒருவர் தமிழிலும் மற்றொருவர் தெலுங்கிலும் தாம் அறிந்த சொற்களை வாய்க்குள் பாடினர்; சொல் அறியாத இளைஞர் ஒருவர் தலையசைத்துக் கேட்டார். அதனை அடுத்துத் தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனை ஒன்றின் மெட்டு கீபோர்டில் ஒலித்தது. அதனை ஒருவரும் உடன் பாடவில்லை. நாள்தோறும் கோயிலில் பாடும் முதியவர் ஒருவர் சிறிது நேரம் செவி கொடுத்தபின், "மெட்டு நம்முடையது போல் இருக்கிறது, ஆனால் பிடிபடவில்லை" என்றார்.

அயல்நாட்டு மெட்டு எளிதில் விளங்க, உரிய மெட்டு விளங்காது போனமைக்குக் காரணம் யாது? முதியவரின் நினைவாற்றற் குறைவு அன்று என்பதே இக்கட்டுரை காணும் முடிபு. அதனைப் படிப்படியாகக் காண்போம்.

2. கரோலும் குரவையும்

'கரோல்' என்னும் சொல் பழைய பிரெஞ்சு மொழியில் கைகோத்து வட்டமாக நின்று பாடி ஆடும் கூத்தினைக் குறித்தது. பின்னரே அது விழாப்பாட்டையும், அதன்பின் கிறித்து பிறப்புப் பாட்டையும் குறிப்பதாயிற்று. தமிழ் அறிந்தார்க்கு இப்பொருள் புதியதன்று. குரவை என்பதும் அதுவே. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு மகளிரை நிறுத்தி, அவர்க்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயரையே இடுகின்றாள். மகளிரே நரம்புகளாக நிற்க, அவர் நிற்கும் முறையே பண்ணாகின்றது.

ஒப்புமை இவ்வளவில் நிற்கவில்லை. பிறப்புச் செய்தியை முதலிற் கேட்டவர் இரவில் ஆட்டுக்கிடை காத்த இடையர் என்பது விவிலியம் கூறும் வரலாறு. ஆதலின் மேலைநாட்டார் பிறப்பு விழாவுக்கெனச் சொல்லின்றி அமைத்த இசைகளில் இடையர் குழலின் சாயலை வைத்தனர். கொரெல்லி என்னும் இத்தாலிய இசைவாணர் பிறப்பு விழா இரவுக்கென அமைத்த கருவியிசை 1714-ஆம் ஆண்டில் அச்சாயிற்று. அதன் இறுதிப் பகுதி இடையர் இசையாகவே அமைந்துள்ளது. 1742-ஆம் ஆண்டில் டப்ளினில் அரங்கேறிய ஆண்டலின் 'மெசையா' என்னும் இசைப்பனுவலிலும் இடையர் காட்சிக்கு முன் பாட்டில்லாத ஒரு குழலிசைப் பகுதி உண்டு. எனவே, பிறப்புப் பாடலைக் கருவியில் மட்டும் கேட்டல் இக்கால வணிகர் கண்ட புதுமை அன்று. முந்நூறு ஆண்டு வழக்குடையது.

தமிழர் இதனை முல்லைத் திணையின் இசை எனக் கூறுவர். கொன்றைக் குழல், ஆம்பற் குழல், முல்லைக் குழல் என மூவகைக் குழலை ஆய்ச்சியர் குரவை சுட்டும். தீக்கடைகோலால் துளையிட்ட குழலில் பாலைப்பண் வாசித்துச் சலித்த இடையன், குமிழங்கொம்பை வளைத்து மரல் நார் கட்டிய வில்யாழில் குறிஞ்சிப்பண் வாசித்தமையைப் பெரும்பாணாற்றுப்படை கூறும். யாழினையும் பறையினையும் நிலத்தின் கருப்பொருளுள் வைத்து எண்ணினார் தொல்காப்பியர். கருவியிசை நிலத்தோடும் தொழிலோடும் ஒட்டியது என்பது அவர் கருத்து.

3. மெட்டின் பயணம்

மேலைநாட்டுப் பிறப்புப் பாடல்கள் பலவற்றில் சொல்லும் மெட்டும் ஒருங்கு தோன்றியவை அல்ல. சில சான்றுகள் காண்போம். சார்லசு வெசுலி 1739-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடல் ஒன்று, இன்று 'ஆர்க் த எரால்டு' எனும் தொடக்கத்தோடு உலகெங்கும் பாடப்பெறுகின்றது. அதன் மெட்டு மெண்டெல்சானுடையது. அவர் அதனை 1840-ஆம் ஆண்டில், கூட்டன்பர்க்கின் அச்சுக்கலைக்கு நானூறாண்டு நிறைவு கொண்டாடிய இலைப்சிக்கு விழாவுக்கென அமைத்தார். அது சமயப் பாடலுக்குப் பொருந்தாது என்றே அவர் எண்ணினார். அவர் மறைந்தபின், 1855-ஆம் ஆண்டில் கம்மிங்சு என்பார் இரண்டையும் இணைத்தார். அச்சுக்கலையின் புகழ் பாட எழுந்த மெட்டு இவ்வாறு பிறப்பு விழாவுக்கு உரியதாயிற்று. வில்லியம் தி்க்சு 1865-ஆம் ஆண்டளவில் எழுதிய பாடலுக்கு மெட்டாக அமைந்தது 'கிரீன்சிலீவ்சு' என்னும் பழைய காதற்பாட்டு மெட்டு. உக்ரேனிய இசைவாணர் இலெயொந்தோவிச்சு 1916-ஆம் ஆண்டில் அமைத்த புத்தாண்டுப் பாடல், 1936-ஆம் ஆண்டில் ஆங்கிலச் சொல் பெற்று மணியோசைப் பாடலாக மாறியது.

சொல் மாறியும் மெட்டு நிலைத்தது எங்ஙனம்? புதிய சொல் பழைய அளவுக்கு அடங்கி வந்தமையால் நிலைத்தது. தமிழில் இதற்கு ஏற்ற உவமை சந்தக் குழிப்பாகும். அருணகிரிநாதர் பாடல்களின் தலைப்பில் நிற்கும் அக்குழிப்புக்குப் பொருள் இல்லை. ஆயினும் எவ்விடத்துக் குறிலும் எவ்விடத்து நெடிலும் ஒற்றும் வருதல் வேண்டும் என்பதை அது வரையறுக்கின்றது. மெட்டும் அத்தகையதே. சொல்லை வார்க்கும் அச்சு எனலாம். அச்சில் வார்த்த பொருளை எடுத்த பின்னும் அதன் வடிவம் அச்சில் இருப்பதுபோல, சொல் நீங்கிய பின்னும் சொல்லின் அளபு மெட்டில் தங்குகின்றது.

இவ்வழக்கு தமிழகத்துக்கும் உரியது. முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) சென்னைக் கோட்டை வட்டாரத்தில் ஆங்கிலேயர் வாத்தியக் குழுவினர் இசைத்த மெட்டுக்களைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சொல் அமைத்தார். 'நோட்டுச்சுர சாகித்தியம்' என வழங்கும் அவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கிலேயரின் அரசவாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் மேலைநாட்டு வயலினைப் பயின்று அதனைக் கருநாடக இசைக்குப் பக்கக்கருவியாக்கினார். தமிழ் அச்சு நூல்களிலும், இன்ன பாட்டின் மெட்டு என்று குறித்துப் புதுப்பாட்டு எழுதும் முறை பெருவழக்கு.

4. தமிழ்க் கிறித்தவ இசையின் இரு நெறிகள்

தமிழ்க் கிறித்தவர், குறிப்பாகச் சீர்திருத்தச் சபையினர், பாடும் பாடல்கள் இரு நெறிப்பட்டன. ஒன்று ஞானப்பாட்டு அல்லது பாமாலை. சீகன்பால்கு 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தபின் செருமானியப் பாடல்கள் அவற்றின் மெட்டோடு தமிழில் பெயர்க்கப்பட்டன. பின்வந்த பப்ரிசியசு (1711-1791) அப்பணியைச் சிறக்கச் செய்தார். மற்றொன்று கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774-1864) பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புக்களோடு இராகமும் தாளமும் அமைத்துப் பாடிய பாடல்கள் இந்நெறியின் தலையாயவை. அவருடைய பெத்தலேகம் குறவஞ்சி, பிறப்பு நிகழ்ந்த ஊரையே தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவுக்குள் கொணர்ந்தது.

இவ்விரு நெறிகளுக்கும் உள்ள வேறுபாடு இசையளவில் நிற்பதன்று, மொழியிலக்கணத்தைச் சார்ந்தது. ஆங்கிலமும் செருமானியமும் அசையழுத்தத்தால் நடப்பன. தமிழ் மாத்திரையால் நடப்பது. தொல்காப்பியம் நூன்மரபின் இறுதியில், இசையிடத்து உயிர் தன் அளபு கடந்து ஒலித்தலும் ஒற்று நீளுதலும் உண்டு என்றும், அஃது யாழ்நூலின்பாற்பட்டது என்றும் கூறுகின்றது. அவ்விதி நீட்டத்துக்கே இடந்தருகின்றது. குறுக்கத்துக்கு இடந்தரவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. குறிலைப் பாடுவோன் நீட்டலாம். நெடிலைக் குறுக்கினால் சொல் சிதையும். பெயர்ப்புப் பாடலில் ஒரு மாத்திரைக்குரிய இடத்தில் தமிழ் நெடில் வந்து விழும்போது, பாடுவோர் மெட்டைக் காக்கச் சொல்லைக் குறுக்குவர். அல்லது சொல்லைக் காக்க மெட்டை இழுப்பர். பாமாலைகளைக் கூடிப் பாடும் சபைகளில் இவ்விழுப்பு எவர்க்கும் பழக்கமானதே.

ஆகவே, ஞானப்பாட்டின் மெட்டைக் கருவியில் மட்டும் இசைக்கும்போது, சொல்லுக்கும் மெட்டுக்கும் இருந்த இப்பூசல் நீங்குகின்றது. மெட்டு தன் இயற்கை நடையில் செல்கின்றது. தமிழ்ச் செவி அதனை இடர்ப்பாடின்றி ஏற்கின்றது. மேலைநாட்டு மெட்டுக்களின் கருவியிசையைத் தமிழர் விரும்பிக் கேட்டற்கு இஃது ஒரு காரணம் எனல் பொருந்தும்.

5. இரு மெட்டுக்களின் அமைப்பு

சொல் நீங்கியபின் எஞ்சுவது யாது என்பதனை இரண்டு மெட்டுக்களைப் பகுத்துக் காண்போம். குரலைச் சட்சமாகக் கொள்வோர் முறையை இங்கே பின்பற்றுகின்றேன்.

'சைலண்ட் நைட்' பாடலின் சொல் யோசேப்பு மோர் என்பவருடையது (1816). மெட்டு பிரான்சு குரூபருடையது. 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஆத்திரிய நாட்டு ஓபெர்ன்தோர்பு என்னும் சிற்றூர்க் கோயிலில், கிதார் துணையோடு அது முதன்முதலிற் பாடப்பெற்றது. பெரிய ஆர்கன் கருவிக்கென எழாது எளிய நரம்புக் கருவியோடு பிறந்தமையின், அது இன்றும் சிறிய கருவிக்கு இயைந்து நிற்கின்றது. அதன் முதலடி இளியில் தொடங்கி, விளரியைத் தொட்டு, இளிக்கு மீண்டு, கைக்கிளையில் இறங்கி நிற்கும். இம்மூன்று சுரங்களும் மோகனத்துள் அடங்குவன. மோகனமே பண்டை முல்லைப்பண் என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். அடுத்த அடியில் தாரம் தோன்றிய பின்னரே மெட்டு சங்கராபரணத்தின் இயல்பைக் காட்டுகின்றது. இடையர் இரவைப் பாடும் அயல்நாட்டுப் பாடலின் முதலடி, தமிழ்ச் செவிக்கு முல்லையாகக் கேட்பது தற்செயலே. ஆயினும் அச்செவி அதனை அயன்மையாக எண்ணாமைக்கு அத்தற்செயலும் துணை செய்கின்றது.

அம்முதலடியின் கால அளவு இன்னும் இன்றியமையாதது. நான்கு ஒலிகளும் முறையே மூன்று, ஒன்று, இரண்டு, ஆறு என்னும் விகிதத்தில் நிற்கின்றன. நெடிது, குறிது, இடைநிகர், மிக நெடிது என வரும் இந்நடையே தொட்டிலின் அசைவாக நமக்குத் தோன்றுகின்றது. நான்கினையும் ஒத்த அளவில் வாசித்தால் சுரம் ஒன்றும் பிழையாது. ஆயின் தாலாட்டு மறைந்துவிடும்.

'ஜாய் டு த வேர்ல்டு' என்னும் பாடல் இவ்வுண்மையை மேலும் தெளிவாக்கும். ஐசக்கு வாட்சு 1719-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடலுக்கு, இலோவெல் மேசன் 1830-களில் இம்மெட்டை அமைத்து வெளியிட்டார். அதன் முதலடி மேற்குரலிலிருந்து கீழ்க்குரல்வரை ஒரு சுரமும் விடாது இறங்கும் சங்கராபரண அவரோகணமே. சுரவரிசையை மட்டும் நோக்கின், அது பாட்டன்று; பயிற்சி. அதனைப் பாட்டாக்குவது காலஅளவு. நான்கு, மூன்று, ஒன்று, ஆறு, இரண்டு, நான்கு, நான்கு என ஒலிகள் ஏறியும் இறங்கியும் நின்று, இறுதிச் சுரத்தில் ஓய்கின்றன. உலகினைக் குறிக்கும் சொல்லுக்கு ஆறளவும், அதன்முன் நிற்கும் இடைச்சொல்லுக்கு ஓரளவும் கிடைத்துள்ளன. சொல்லை அறியாதவனும் மெட்டினைக் கேட்டவுடன் எவ்விடம் அழுந்திற்று, எவ்விடம் கடந்தது என அறிகின்றான். அவன் அறிவது சொல்லின் பொருளையன்று, சொல்லின் அளபை.

எனவே, சுரமும் அளபும் கெடாது வாசித்தால் மேலைநாட்டு மெட்டு சொல்லின்றியும் தன் உருவம் காட்டும். அதன் சுரங்கள் பெரும்பாலும் நிலைத்த சுரங்கள். பியானோவின் கட்டைகளுக்கும் கிதாரின் மெட்டுக்கட்டுகளுக்கும் அவை அடங்கும். போச்சம்பள்ளிக் கடையில் பலமொழியாளரும் அதனை உடனே அறிந்தமைக்குக் காரணம் இதுவே.

6. கருவிக்கு அடங்குவதும் அடங்காததும்

இனித் தமிழ்க் கீர்த்தனைக்கு வருவோம். கீர்த்தனையின் மெட்டு நிலைத்த சுரங்களின் வரிசை அன்று. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே உள்ள வழியும், ஒரு சுரத்தின் அசைவும், அடுத்த சுரத்தின் சாயலும் சேர்ந்ததே இராகம். இவற்றைக் கமகம் என்பர். தோடியின் காந்தாரத்தை ஒரு கட்டையை அழுத்திக் காட்டுதல் இயலாது. ஆர்மோனியத்தின்மேல் இக்குறையைச் சாற்றியே அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டில் அக்கருவியை விலக்கிற்று. 1971-ஆம் ஆண்டில்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. தடை செய்தது முறையா என்பது வேறு வினா. சுட்டிய குறை மெய்யே.

கீர்த்தனையின் அளபும் வேறு தன்மையது. அங்குச் சொல் தமிழிலேயே பிறந்தது. மெட்டும் அச்சொல்லோடு பிறந்தது. எதுகை நிற்கும் இடம், நெடில் விரியும் இடம், தாளம் வீழ்ந்து அரையளவு கழிந்தபின் சொல் எடுக்கும் இடம் ஆகியவை மெட்டின் உறுப்புக்கள். ஓய்வாகக் கேட்டற்கென அமைப்போர் நடையைத் தளர்த்தி, ஒலிகளை ஒத்த அளவாக்கி, அடிதோறும் ஒத்திசைச் சுரங்களைச் சேர்க்கும்போது, இவ்வுறுப்புக்கள் ஒவ்வொன்றாக நீங்குகின்றன. கமகமும் நீங்கி அளபும் நீங்கினால் எஞ்சுவது சுரங்களின் எலும்புக்கூடு மட்டுமே. முதியவர்க்குப் பிடிபடாமற் போனது அவ்வெலும்புக்கூடு.

இவ்வினாவை நம் முன்னோர் அறியாதிருந்தனர் அல்லர். பெரிய புராணத்தில் இதற்கு இரு முகம் உண்டு. ஆனாய நாயனார் கொன்றை நிழலில் நின்று முல்லைப்பண் எழுப்பித் திருவைந்தெழுத்தைக் குழலில் அமைத்து வாசித்தார். மிடற்றால் ஒரு சொல்லும் பாடிற்றிலர். ஆயினும் பசுக்கள் மேய்ச்சல் மறந்தன. பகை கொண்ட விலங்குகள் ஒருங்கு நின்றன. கருவியே சொல்லாயிற்று என்பது சேக்கிழார் கருத்து. மற்றொன்று தருமபுரத்து நிகழ்ச்சி. இது காரைக்காலை அடுத்த தருமபுரம். போச்சம்பள்ளி 2004-ஆம் ஆண்டுவரை சேர்ந்திருந்த தருமபுரி அன்று. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழாலேயே ஞானசம்பந்தர் பதிகங்கள் சிறந்தன எனப் பாணரின் சுற்றத்தார் கூற, பாணர் அது கேட்டு அஞ்சி, யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருள வேண்டினார். பாடப்பெற்றதும் யாழ் அதனைத் தொடர இயலாது நின்றது. பாணர் யாழை உடைக்கத் துணிந்தபோது சம்பந்தர் தடுத்து, அடங்குமளவும் வாசிக்குமாறு பணித்தார்.

இவ்விரு வரலாறும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும். ஆயின் மறுப்பன அல்ல. முன்னது கருவியின் ஆற்றலைக் கூறிற்று. பின்னது கருவியின் எல்லையைக் கூறிற்று. எல்லை உண்டு என்பதற்காகக் கருவியை உடைத்தல் வேண்டா, அடங்குமளவும் வாசிக்கலாம். ஆனால் எவ்வளவு அடங்கிற்று, எவ்வளவு அடங்கவில்லை என்பதை வாசிப்போனும் கேட்போனும் அறிதல் வேண்டும்.

கருவியின் எல்லை மாறாதது என்பதும் இல்லை. அயல்நாட்டு வயலின் நம் கமகங்களை ஏற்றுத் தமிழ் மண்ணின் கருவியாயிற்று. மாண்டலின் சீனிவாசன் (1969-2014) கமகத்துக்கு அடங்காது எனக் கருதப்பட்ட கருவியை அடங்கச் செய்தார். கருநாடகத்துக் கத்ரி கோபால்நாத்து (1949-2019) சாக்சபோனில் அதனைச் செய்தார். ஆகவே குறை கருவியில் மட்டும் இல்லை. அமைப்போர் எதனை மெட்டு எனக் கருதுகின்றனர் என்பதிலும் உள்ளது.

7. ஓய்ந்திருந்து கேட்டல்

ஓய்வுக்காக இசை கேட்டலை இழிவாகக் கருதுவோர் உளர். பிறப்பு விழாவின் பாடலைக் கடையிலும் பேருந்திலும் பொழுதுபோக்காக ஒலிக்கச் செய்தல் தகுமா என்பர். சங்க இலக்கியம் இக்கருத்தை ஆதரிக்கவில்லை. தினைப்புனத்தில் கூந்தல் உலர்த்தும் கொடிச்சி பாடிய குறிஞ்சிப்பண்ணைக் கேட்ட யானை, தினைக்கதிர் உண்ணுதலையும் மறந்து உறங்கியதை அகநானூறு (102) கூறும். புண்பட்ட வீரன் கிடக்கும் மனையில் யாழும் பல இயங்களும் ஒலிக்கச் செய்து, காஞ்சிப்பண் பாடிக் காத்ததைப் புறநானூறு (281) காட்டும். வழிப்பறி செய்வோரும் பாலை யாழின் இசை கேட்டுப் படைக்கலம் கைவிடுவர் எனப் பொருநராற்றுப்படை பாடும். களைத்தவனை ஓய்வித்தலும், நோயுற்றவனைக் காத்தலும், கொடியவனை மென்மையாக்கலும் இசையின் பயன்கள் என்பது பண்டையோர் துணிபு. பத்து மணிநேரம் பொறிகளின் ஓசையில் நின்றவன், மாலையில் மெல்லிய குழலோசையை நாடுதல் இயல்பே.

ஆயின் அச்சான்றுகள் அனைத்திலும் ஓய்வளித்தது குறிஞ்சி, காஞ்சி, பாலை எனப் பெயர் குறித்த ஒரு பண். பண்ணின் தன்மையே ஓய்வளித்தது. பண்ணைக் கரைத்து ஓய்வு பெறவில்லை. நீலாம்பரியும் ஆனந்தபைரவியும் தம் இயல்பாலேயே தாலாட்டுக்கு இயைவன. அவற்றில் அமைந்த கீர்த்தனை மெட்டை வாசிப்போர், அதன் கமகத்தை நீக்கி மென்மை தேட வேண்டியதில்லை; கமகத்தைக் காத்தாலே மென்மை தானே வரும். அரங்கேற்று காதையில் இயம் நிற்கும் முறையும் இதற்கு வழிகாட்டும். குழலை யாழ் பின்பற்ற, யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் பின்பற்ற, பின்னரே ஆமந்திரிகை கூடுகின்றது. ஒவ்வொரு கருவியும் முன்னதனுக்கு அடங்கி நடப்பதே அங்கு அமைப்பு. பின்வரும் கருவி முன்னதனை மூடுதல் அமைப்பன்று.

8. ஆராய்ச்சியாளர் கடமை

இங்கு ஓர் இழப்பு அஞ்சத்தக்கது. தமிழ்க் கிறித்தவப் பாட்டு நூல்கள் கீர்த்தனையின் தலைப்பில் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் குறித்துச் சொல்லை மட்டும் அச்சிடுதலே பெருவழக்கு. சுரக்குறிப்போடு வந்தவை மிகச் சில. மெட்டு வாய்வழியாகவே வந்துள்ளது. அதனை அறிந்த முதியோர் மறையும்போது, பின்வருவோர்க்குக் கிடைப்பது கருவியிசைப் பதிவே. அப்பதிவில் உள்ள தளர்ந்த வடிவே மூலமெட்டு என நாளை எண்ணப்படும். நூலிற் பிழைபட்ட பாடத்தை மூலபாடமாகக் கொள்வதற்கு நாம் எத்துணை அஞ்சுகின்றோம்! மெட்டுக்கும் அவ்வச்சம் வேண்டும். மெட்டும் ஒரு பாடமே.

முன்னோர் வழி காட்டியுள்ளனர். சின்னசாமி முதலியார் 1893-ஆம் ஆண்டில் நம் இசையை மேலைநாட்டுச் சுரக்குறியில் எழுதி வெளியிட்டார். ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) கிறித்தவராகவும் தமிழிசை ஆய்வாளராகவும் இருந்து, தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டி, 1917-ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். விபுலானந்த அடிகள் 1947-ஆம் ஆண்டில் யாழ்நூலால் தமிழாசிரியன் நரம்பையும் ஆராயலாம் என நிறுவினார். தமிழிசைச் சங்கம் தேவாரப் பண்களை ஓதுவாரிடம் கேட்டு ஆராய்ந்தது. அவ்வாராய்ச்சி கிறித்தவக் கீர்த்தனைக்கும் வேண்டும்.

முதுகலை மாணவர் இதனைச் சிறிய எல்லையில் தொடங்கலாம். ஒரு வட்டாரத்தைத் தேர்ந்து, அங்குப் பிறப்பு விழாக் காலத்தில் பாடப்பெறும் கீர்த்தனைகளை முதியோர் பாடக் கேட்டுப் பதிவு செய்க. சொல்லின் மாத்திரையையும் மெட்டின் கால அளவையும் அருகருகே எழுதுக. அம்மெட்டின் கருவியிசைப் பதிவுகளை மூன்றாவதாக வைத்து ஒப்பிடுக. எவ்விடத்து அளபு மாறிற்று, எவ்விடத்துக் கமகம் நீங்கிற்று என்பது அட்டவணையிலேயே புலப்படும். கிருட்டிணகிரி வட்டாரம் இதற்கு மிகவும் ஏற்றது. எலத்தகிரி போன்ற பழைய கிறித்தவ ஊர்கள் அங்கு உள. தெலுங்கு, கன்னட மொழிகளில் அதே மெட்டு எவ்வாறு வழங்குகின்றது என ஒப்பிடவும் வாய்ப்பு உண்டு.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். சொல் நீங்கினும் சொல்லின் அளபு மெட்டில் நிற்கும் என்பது ஒன்று. மேலைநாட்டு மெட்டு கருவிக்கு எளிதில் அடங்கும். தமிழ்ச் சொல்லோடு அதற்கு இருந்த பூசலும் கருவியிசையில் தீரும் என்பது இரண்டு. தமிழ்க் கீர்த்தனை மெட்டோ அளபும் கமகமும் காக்கப்பட்டாலன்றித் தன் உருவத்தை இழக்கும் என்பது மூன்று.

போச்சம்பள்ளி முதியவர் அன்று செவி சாய்த்துத் தேடியது அம்மெட்டின் அளபையே. அன்று அந்த இசை ஓய்ந்தபின், தாம் ஐயுற்ற கீர்த்தனையை அவர் தம் குரலிலே மெல்லப் பாடிக் காட்டினார். அதுவே அம்மெட்டு என்பது இரண்டாம் அடியிலேயே விளங்கிற்று. அவர் பாடியதைப் பதிவு செய்யக் கருவி ஒன்றும் என் கையில் ஆயத்தமாக இல்லை. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர் அத்தவற்றினைச் செய்யாதிருப்பாராக.